புதுச்சேரி கடற்கரைச் சாலை: தங்க, சாப்பிட, வாங்க வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்?

மேட்டூர்க்காரி
வணக்கம். எழும்பூரிலிருந்து ரயிலில் புதுச்சேரி வருகிறோம். வியாழன் மாலை வந்து சனி மாலை கிளம்புவதாக யோசனை. நான்கு பேர்: நாங்கள் இருவர், முழங்கால் வலியுள்ள மாமியார், ஆறு வயதுப் பையன். கார் கிடையாது. கடற்கரைச் சாலையை ஒட்டியே தங்குவதா, ஊருக்குள் தள்ளித் தங்குவதா? மாமியார் சைவம், மற்றவர்கள் மீன் சாப்பிடுவோம். கைவினைப் பொருட்களும் பருத்தித் துணியும் கொஞ்சம் வாங்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்க்கால்கரை
முதலில் ஊர் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். குபேர் சாலை எனும் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். அதற்கு மேற்கே துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி என்று கடலுக்கு இணையாக ஓடும் தெருக்கள்தான் ஒயிட் டவுன் எனும் பழைய பிரெஞ்சுப் பகுதி. அதைத் தாண்டினால் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி: மிஷன் வீதி, காந்தி வீதி, குறுக்கே நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, புஸ்சி வீதி. கட்டம் போட்ட ஊர் என்பதால் வழி தவறவே முடியாது. கிழக்கே நடந்தால் கடல், அவ்வளவுதான்.

என் கருத்து: கடற்கரைச் சாலை நடக்க, உட்கார, காற்று வாங்க. சாப்பிட, வாங்க, தங்க வாய்க்காலுக்கு மேற்கே போங்கள். கடற்கரைச் சாலையின் காந்தி சிலையிலிருந்து நேரு வீதி வழியாகக் காந்தி வீதி வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வாய்க்காலைத் தாண்டியதுமே அதே தரத்து அறைக்கு வாடகை இறங்கும், சாப்பாட்டு விலையும் இறங்கும். உங்களுக்கு வேண்டிய கடைகளில் பெரும்பாலானவையும் அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்குத் தடை. சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். அந்த நேரம்தான் இந்த இடத்தின் அழகே. ஆனால் அந்தச் சாலையில் அறை எடுத்தவர்களுக்கு ஒரு சிக்கலும் அதுதான். 6 மணிக்கு மேல் ஆட்டோ விடுதி வாசலுக்கு வராது, குறுக்குத் தெரு முனையில் தடுப்புக்கு இந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். பெட்டியோடும் வலியுள்ள காலோடும் மீதி தூரம் நடக்க வேண்டும்.

உப்புக்காற்று
வாய்க்கால்கரை அண்ணா சொன்ன அமைப்பு சரி. முடிவில்தான் எனக்கு மாறுபாடு. முழங்கால் வலியுள்ள பெரியவர் வருகிறார் என்றால் கணக்கே வேறு. மேற்கே தங்கினால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஆட்டோ பேச வேண்டும். இங்கே மீட்டர் போட்டு ஓட்டும் ஆட்டோ அரிது, ஏறும் முன்பே தொகை பேசிக்கொள்ள வேண்டும். நாலு நடைக்கு ஆட்டோ கொடுத்தால் வாடகையில் மிச்சம் பிடித்ததில் நல்ல பங்கு போய்விடும். அதைவிட, அம்மா மாலையில் கடலைப் பார்த்துவிட்டு, களைத்ததும் ஐந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடிய வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் நாள் "நீங்க போயிட்டு வாங்க, நான் படுத்திருக்கேன்" என்பார்.

6 மணித் தடைக்கு வழி இருக்கிறது. அறை பதியும்போதே "ஆறு மணிக்கு மேல் வந்தால் எந்தக் குறுக்குத் தெருவில் இறங்குவது, பின்வாசல் உண்டா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நிலையம் ஊரின் தெற்குப் பக்கம், கடற்கரைச் சாலையின் தென்முனைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். உங்கள் ரயில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்கரை
உப்புக்காற்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் கடற்கரைச் சாலையே வேண்டாம், அதற்கு ஓரிரு தெரு உள்ளே பாருங்கள். கடலுக்கும் நடை, வாய்க்காலுக்கும் நடை. ஆனால் ஒயிட் டவுன் பழைய வீடுகளில் அறை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. படத்தில் முற்றமும் தூணும் பூந்தொட்டியும் தெரியும், படிக்கட்டு தெரியாது.

பழைய பிரெஞ்சு வீடுகளில் ஒவ்வொரு தளமும் உயரம் அதிகம். அதனால் முதல் மாடி என்றாலும் இன்றைய வீட்டின் ஒன்றரை மாடிக்குச் சமமான படிகள் ஏற வேண்டியிருக்கும். மரப்படியாக இருந்தால் ஒவ்வொரு படியும் உயரமாக, குறுகலாக இருக்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. பாரம்பரியக் கட்டடம் என்பதால் லிப்ட் வைப்பது எளிதல்ல. ஆகவே "தரைத்தள அறை வேண்டும்" என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால், வரும் நாளில் "அந்த அறை போயிடுச்சுங்க" என்று முடியும். குளியலறை வாசலில் எத்தனை அங்குலம் மேடு, இந்திய வகைக் கழிப்பறையா மேலைநாட்டு வகையா என்பதையும் கேளுங்கள். தரைத்தளத்தின் குறைகள் இரண்டு: தெருச் சத்தம், கொசு. வாய்க்காலுக்குக் கிட்டே போகப் போகக் கொசு கூடும். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா என்று ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுக்க மாட்டார்கள்.

"கடல் தெரியும் அறை" என்பதும் "கடலை நோக்கிய அறை" என்பதும் ஒன்றல்ல. முதலாவது பக்கவாட்டு ஜன்னலில் கழுத்தை நீட்டினால் ஒரு கீற்று தெரிவதாகவும் இருக்கலாம். அந்த அறையின் ஜன்னலிலிருந்தே எடுத்த படம் கேட்டுப் பாருங்கள்.

மேட்டூர்க்காரி
மிக்க நன்றி, படிக்கட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்கள் நன்றாக இருக்கும் என்கிறார்களே, குழந்தையோடு ஒத்துவருமா?

உப்புக்காற்று
ஒத்துவரும், விதிகள் உங்களுக்குச் சரிப்பட்டால். கடற்கரைச் சாலையின் தென்முனையில் பார்க் கெஸ்ட் ஹவுஸ், அதே சாலையில் சீசைடு கெஸ்ட் ஹவுஸ், வாய்க்கால் ஓரம் இன்டர்நேஷனல் கெஸ்ட் ஹவுஸ். துப்புரவுக்குக் குறை சொல்ல முடியாது, வாடகையும் அந்த இடத்துக்கு நியாயம். பார்க் கெஸ்ட் ஹவுஸில் கடலைப் பார்த்த பால்கனியும் புல்வெளியும் உண்டு. சிகரெட், மது அறவே கூடாது. இரவு 10.30க்கு வாசல் கதவு சாத்தப்படும். டிவி, அறைக்கே சாப்பாடு போன்ற வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. அமைதிக்காக வருபவர்கள் தங்கும் இடம். பையன் துறுதுறுவென்று ஓடுகிறவன் என்றால் உங்களுக்கும் சிரமம், பக்கத்து அறைக்காரருக்கும் சிரமம்.

இடம் கிடைப்பதுதான் கடினம். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களை ஒட்டி அன்பர்களுக்கே இடம் போதாது. மற்ற நாட்களிலும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஆசிரமத்தைப் பார்க்க காலை 8 முதல் 12, மதியம் 2 முதல் 6. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, உங்கள் பையனுக்குத் தடையில்லை. பேசக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். பக்கத்திலேயே மணக்குள விநாயகர் கோயில். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. யானை பார்க்கலாம் என்று பையனிடம் சொல்லி அழைத்து வராதீர்கள், வாசலில் தேடி ஏங்கிப் போவான்.

அடுப்படி
சாப்பாட்டைப் பத்தி நான் சொல்றேன்ங்க. இங்க வர்றவங்க பலர் செய்யற தப்பு, மூணு வேளையும் ஒயிட் டவுன்லயே சாப்பிடறது. அங்க ஒரு வேளை போதும். அதையும் மதியத்துல வச்சுக்கங்க. ராத்திரி, அதுவும் சனிக்கிழமை ராத்திரி, பேர் பெற்ற முற்றத்து ஓட்டல்கள்ல இடத்துக்குக் காத்திருக்கணும். ஆறு வயசுப் பையன் எட்டு மணிக்கு மேல பசி தாங்க மாட்டான்.

காலை டிபனுக்கு வாய்க்காலுக்கு மேற்க வந்துடுங்க. மிஷன் வீதியில சற்குரு ஓட்டல், சைவம்தான், மாமியாருக்கு ஒத்துக்கும். நேரு வீதியில இந்தியன் காபி ஹவுஸ், தொழிலாளர் கூட்டுறவு நடத்தறது. விலை குறைவு, பழைய காலத்து இடம். கடலைப் பார்த்து உக்காந்து காபி குடிக்கணும்னா காந்தி சிலைக்குப் பக்கத்துல லெ கஃபே. அது பழைய துறைமுக அலுவலகக் கட்டடம்.

ரொட்டி விஷயம் விரிவா சொல்லணும். புஸ்சி வீதியில பேக்கர் ஸ்ட்ரீட் மாதிரி பிரெஞ்சு ரொட்டிக் கடைகள் இருக்கு. குரோசான் காலையில வாங்கணும். வெண்ணெய் மடிப்பு மடிப்பா இருக்கிற பண்டம் அது, கையில எடுத்தா கனமில்லாம இருக்கணும், பிச்சா செதில் உதிரணும். கண்ணாடிப் பெட்டியில மத்தியானம் வரை இருந்தா இந்தக் கடல் ஊர் ஈரத்துல மேல்தோல் தளர்ந்து பன் மாதிரி ஆயிடும். நீள ரொட்டி, பாகெத், அதுவும் அப்படித்தான். வாங்கின ரெண்டு மணி நேரம் வரை தட்டினா டொக் டொக்குன்னு சத்தம் வரும். பிளாஸ்டிக் பையில போட்டு வச்சா உள்ள இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்லாம தோல் இழுவையாயிடும், பல்லுக்கே வேலை. காகிதப் பையிலயே வைங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போனா மேல லேசா தண்ணி தெளிச்சு, 200 டிகிரி ஓவன்ல 5 நிமிஷம் வச்சு எடுங்க. ஓவன் இல்லேன்னா தோசைக்கல்லை மூடி போட்டு சிறு தீயில. உடனே சாப்பிட்டுடணும், ரெண்டாவது தடவை சுட வச்சா கல்லாயிடும்.

மீனுக்கு வர்றேன். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த நேரத்துல சின்னப் படகு கொண்டு வர்றதுதான் உள்ளூர் மீன். வஞ்சிரம், பெரிய இறால் விலை ஏறும், வெளியூர்லேர்ந்து ஐஸ்ல வந்ததும் கலக்கும். அப்ப சங்கரா, நெத்திலி மாதிரி அன்னன்னிக்குக் கரைக்கு வர்ற சின்ன மீனா கேளுங்க. மெனுவுல "சைஸுக்கு ஏத்த விலை"ன்னு போட்டிருந்தா மூணு கேள்வி: எத்தனை கிராம், பச்சையா நிறுத்த எடையா, கிலோ என்ன விலை. மீனை மேசைக்குக் கொண்டு வந்து காட்டச் சொல்லுங்க. கண்ணு குழி விழாம, செவுள் சிவப்பா இருக்கணும். சமைச்சு வந்த பிறகு கேட்டா பில்லுல பாத்துக்க வேண்டியதுதான்.

புதுச்சேரிக்கே உரிய பிரெஞ்சு கலந்த வீட்டுச் சமையலும் இருக்கு. தமிழ் வீடும் பிரெஞ்சு வீடும் சேர்ந்து பிறந்தது, காரம் குறைவு, வினிகர், பூண்டு சேரும். பழைய வீட்டு விடுதிகள் சிலதுல முன்னாடியே சொல்லி வச்சா செய்வாங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல வந்தா விவிக்கம் கேக் கேளுங்க. மைதாவுக்குப் பதிலா ரவை, வெண்ணெய், முட்டை, ரம்முல ஊறின உலர்பழம். பையனுக்குக் கொடுக்கறதா இருந்தா ரம் இல்லாததான்னு கேட்டுடுங்க.

கணக்குப்பிள்ளை
பில் பற்றி ஒரு சிறு சேர்க்கை. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 5%. அதைத் தாண்டினால் 18%. எல்லையை ஒட்டிய அறைகளில் இது பெரிய வித்தியாசம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை வரியோடு 8,968. வாடகை வேறுபாடு 200தான், கையிலிருந்து போவது 1,198 கூடுதல். அதனால் "வரி சேர்த்து எவ்வளவு" என்று மட்டும் கேளுங்கள். தனி உணவகத்தில் 5%. வாடகை அந்த எல்லையைத் தாண்டிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகத்தில் 18% வரலாம். ஒயிட் டவுனில் நல்ல உணவகங்கள் பல விடுதிக்குள்ளேயே இருப்பதால் இங்கே இது அடிக்கடி எதிர்ப்படும். சேவைக் கட்டணம் வரி அல்ல. விருப்பமில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லலாம்.

தாள்மடிப்பு
வாங்குவதற்கு வியாழன் முதல் சனி என்பது பாதிதான் பொருந்தும். காந்தி வீதியில் நீளக் கடை போடும் ஞாயிறு சந்தை உங்களுக்குத் தவறிவிடும். பருத்தித் துணி மலிவாக வேண்டுமென்றால் அதுதான் இடம். வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை கிளம்பினால் கைவினைப் பொருள், துணி இரண்டும் கிடைக்கும். கையால் செய்த தாள் தொழிற்கூடம் ஞாயிறு விடுமுறை, அதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அந்தத் தொழிற்கூடம் வடக்கே எஸ்.வி. பட்டேல் சாலையில். மூலப்பொருள் பருத்தித் துணிக் கழிவு, மரக்கூழ் அல்ல. வேலை நேரத்தில் போனால் தாள் எடுப்பதைப் பார்க்கலாம். தண்ணீரில் கரைந்த கூழில் சல்லடைச் சட்டத்தை முக்கி, கிடையாகத் தூக்கி, லேசாக நாலு பக்கமும் ஆட்டுவார்கள். அந்த ஆட்டத்தில்தான் இழைகள் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொள்ளும். ஆட்டம் சரியில்லாத தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். எழுத வாங்குவதாக இருந்தால் மை ஊறுமா என்று கேளுங்கள். பசையேற்றாத தாளில் ஊற்றுப் பேனா மை வேர் விட்டுப் பரவும். பரிசு சுற்றவும் விளக்குக் கூண்டு செய்யவும் அது பரவாயில்லை, கடிதம் எழுத ஆகாது. பெரிய தாள்களை மடிக்காமல் குழாயாகச் சுருட்டி வாங்குங்கள். மடித்த கோடு பிறகு போகவே போகாது. பெட்டியில் இடம் இல்லையென்றால் ரங்கப்பிள்ளை வீதி தலைமை அஞ்சலகத்தில் பார்சலாக அனுப்பிவிடலாம்.

வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. சுடுமண்ணை வாங்கும் முன் விரல் மூட்டால் தட்டுங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது, மொத்தென்றால் விரிசல் அல்லது அரைவேக்காடு. காகிதக்கூழ் பொம்மை ரயிலுக்கு ஏற்றது, கனமில்லை, உடையாது. ஈரம் மட்டும் படக் கூடாது. மேசைவிரிப்பு, கைக்குட்டையில் நல்ல பூத்தையல் வேண்டுமென்றால் ரோமன் ரோலண்ட் வீதியில் க்ளூனி கன்னியர் மடத்துத் தையற்கூடம். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், கைவேலையின் தரம் அங்கேதான் தெரியும். விலை பேசும் இடமல்ல, பெண்களின் உழைப்புக்குப் போகிற காசு.

தோல் பைக்கு 1978இல் இந்த ஊரில் தொடங்கிய ஹைடிசைன் இருக்கிறது. தெருவோரம் தோல் என்று விற்பதை வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். இழை இழையாக இருந்தால் தோல், அடுக்கில் துணி தெரிந்தால் ரெக்சின்.

ஞாயிறு சந்தையில் ஏற்றுமதி மிச்சத் துணி நிறைய. அக்குள் தையல், ஜிப், பித்தான் துளை மூன்றையும் அங்கேயே பாருங்கள். ஏற்றுமதியில் கழிக்கப்படுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். குழந்தைக்கு ஓர் அளவு பெரிதாக எடுங்கள், பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். காலை வெயிலுக்கு முன் போனால் துணியைப் பிரித்துக் காட்டப் பொறுமை இருக்கும். மற்ற நாட்களில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பல கடைகள் மூடியிருக்கும், ஆசிரமக் கடைகளும் சேர்த்து. அந்த நேரத்தை மாமியாரின் ஓய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்கரை
குபேர் அங்காடியை விட்டுவிட்டீர்களே! பெரிய மார்க்கெட் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில். பூ, காய், மளிகை, மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் மீன் பகுதியில் தரை எப்போதும் ஈரம். முழங்கால் வலியுள்ளவரை அங்கே அழைத்துப் போக வேண்டாம். பூக்கடைப் பக்க வாசலோடு நிற்கட்டும்.

மேட்டூர்க்காரி
வெள்ளி முதல் ஞாயிறு என்று மாற்றிவிட்டேன். பையன் கடலில் இறங்குவேன் என்று இப்போதே அடம். அந்தக் கடற்கரையில் மணல் இருக்கிறதா, பாறைதானா?

உப்புக்காற்று
இறக்காதீர்கள், தயவுசெய்து. நீளத்தில் பெரும்பகுதி கருங்கல் அடுக்கிய கரைதான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். தெற்கே அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த மணலை மறித்துவிட்டது. நகரத்தின் முன்னிருந்த மணல் அரித்துப் போக, கல் கொட்ட வேண்டியதாயிற்று. பிறகு தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடலுக்குள் ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. அதற்குப் பின் அந்த வடபகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. பையன் மணலில் விளையாட அங்கே போங்கள்.

மணல் இருப்பதால் குளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் உண்டு. ஆட்கள் மாண்டிருக்கிறார்கள். கற்களின் மேல் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம், பாசி படிந்து சோப்பு போல வழுக்கும். இடுக்கில் கால் சிக்கினால் எடுப்பது கடினம். காலை நனைத்தே ஆக வேண்டுமென்றால் தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான நீலக்கொடிச் சான்று பெற்ற சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். அங்கும் காவலர் சொல்லும் எல்லைக்குள் மட்டும்.

சூரியன் கடலில் எழுவதைத்தான் இங்கே பார்க்கலாம், அஸ்தமனம் ஊரின் பின்பக்கம். காலை ஐந்தே முக்காலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். கூட்டமில்லை, வண்டியில்லை, தரை சமதளம், உட்காரத் திண்டு உண்டு.

பஸ்பயணி
ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால்: எண் பலகை கருப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது விதிமீறல், விபத்து நடந்தால் காப்பீடு கிடைப்பது சந்தேகம். எடுக்கும்போதே கீறல்களை வீடியோ எடுத்து, உரிமையாளர் முன்னிலையிலேயே தேதி சொல்லிப் பதியுங்கள். ஒயிட் டவுனில் ஒருவழித் தெருக்கள் அதிகம். நான்கு பேருக்கு ஸ்கூட்டர் பயன்படாது என்றாலும் சைக்கிள் எடுத்தால் பையனுக்குக் கொண்டாட்டம். ஊர் தட்டை, மூச்சு வாங்காது. பஸ் நிலையம் பக்கம் போக டெம்போ ஓடுகிறது, அது ஆட்டோவைவிட மலிவு.

புதுச்சேரி முத்திரை போட்ட மதுப் பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் யாரும் எடுத்துப் போக வேண்டாம். "ஒன்றுதானே" என்பது செல்லாது, வழக்கும் பறிமுதலும் வரும். உறவினர் யாராவது வாங்கி வரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மேட்டூர்க்காரி
குறித்துக்கொண்டேன். சுய்ப்ரேன் வீதியில் தரைத்தள அறை ஒன்று பேசியிருக்கிறேன், வரி சேர்த்துத் தொகையை எழுதி அனுப்பிவிட்டார்கள். குளியலறை வாசலில் நான்கு அங்குல மேடு இருக்கிறதாம். மாமியாருக்குச் சமாளிக்க முடியுமா?

வாய்க்கால்கரை
நான்கு அங்குலம் பகலில் ஒன்றுமில்லை, இரவில்தான் இடறும். கதவு நிலை பிடித்து ஏற வாகாக இருக்கிறதா என்று ஒரு படம் கேளுங்கள். வழுக்காத மிதியடி ஒன்று உள்ளே, ஒன்று வெளியே போடச் சொல்லுங்கள். சொருகும் சிறு இரவு விளக்கு நீங்களே கொண்டு வாருங்கள். பழைய வீடுகளில் சுவிட்சு கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.